காலைப் பூசைக்காக என் மகள் பேசியது

எங்கள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசை. காலையில் நடப்பது பழைய பூசை. லத்தீனில் நடக்கும். சாமியார் சுவரோடு ஒட்டிய பளிங்குப் பீடத்தைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். மாலையில் நடப்பது எங்கள் பூசை. தமிழில், நம் முகத்தைப் பார்த்து, கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் சகிதமாக நடக்கும். இரண்டிலும் வருகிறவர் ஒரே ஆண்டவர்தான் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லி என்ன பிரயோசனம்? காலைக் கட்சியும் மாலைக் கட்சியும் வாசலில் எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பைத் தேடுவார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

நான் மாலைக் கட்சி. சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவள் இல்லை, முன்னால் நின்று நடத்துகிறவள். காலைக் கட்சிக்குத் தலைவர் யார் தெரியுமா? வேறு யார், என் கூடப்பிறந்த அண்ணன்தான்.

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்தப் பள்ளி, சொந்தக் கார். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், என் காலடியில் ஒரு பிரேக். அதனால் கோவிலில் எனக்குப் பட்டப்பெயர் பிரேக்கக்கா. அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவனுக்குப் பட்டப்பெயர் பெரிய ஆமென். மற்றவர்கள் ஆமென் சொல்லி முடித்து மூச்சு வாங்கிய பிறகும் இவன் குரல் கூரையைச் சுற்றிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் குளிர்பெட்டி மெக்கானிக். அவர் எந்தப் பூசைக்கும் வராததால் இரண்டு கட்சிக்கும் நல்லவர்.

கட்சிச் சண்டை எதில் தொடங்கியது என்று கேட்டால், எங்கள் மரப் பீடத்தில். மாலைப் பூசைக்கு அது நடுவில் இருக்க வேண்டும். காலைப் பூசைக்கு அது வழியை மறைக்கிறதாம். ஞாயிறு விடிந்ததும் அண்ணன் ஆட்கள் அதை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். சாயங்காலம் நாங்கள் நடுவுக்கு இழுப்போம். தரையில் அந்த இழுவைக்கோடு பளிச்சென்று தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எலி அரித்ததா என்று கேட்பார்கள்.

பூசையில் கொடுக்கும் அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். அவர்கள் முட்டிபோட்டு நாக்கில் நன்மை வாங்குவார்கள். நாங்கள் நின்றபடி கையில் வாங்குவோம். "கையில வாங்கினா துகள் கீழ விழும். ஆண்டவரையே மிதிச்சுட்டுப் போறீங்க" என்பான் அண்ணன்.

"நீ அந்த நாக்கால ஊர்ல ஒருத்தர் விடாம திட்டுற. அதுக்கு என் கை எவ்வளவோ சுத்தம்" என்பேன்.

இந்தக் கதைக்கு நடுவில் நிற்பவள் என் மகள். ஒரே மகள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஐயோ பாவம் என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதற்குப் பாவம்? பல் செய்கிற லேபில் அவள் வேலை பார்க்கிறாள். பல் டாக்டர் அச்சும் ஃபோட்டோவும் எடுத்து அனுப்பினால், அதை வைத்துக்கொண்டு பக்கத்துப் பல்லின் மஞ்சளையும் வெள்ளையையும் பார்த்துப் பார்த்துக் குழைத்து, எது பிறந்த பல், எது செய்த பல் என்று சொந்தக்காரனுக்கே தெரியாதபடி செய்து கொடுப்பாள். எங்கள் கோவிலில் பாதிப்பேர் சிரிப்பு என் மகள் கைவேலை. யார் யார் என்று சொல்லமாட்டேன், அண்ணனுக்குக் கோபம் வரும்.

அவள் குழந்தையாக இருந்தபோது, சைகை பழக்காதீர்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்றார்கள் படித்தவர்கள். நான் கேட்டால்தானே? வகுப்பில் சேர்ந்தேன், என் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சைகை மொழி படித்தேன், பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கினேன். மாலைப் பூசையில் பீடத்துக்கு இடதுபக்கம், தூணுக்கு முன்னால், எனக்கென்றே ஒரு விளக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் நின்று பூசை முழுவதையும் கையால் சொல்லுவேன். முதல் வரிசையில் என் மகள் உட்கார்ந்திருப்பாள். வாசகம், மன்றாட்டு, பிரசங்கம், பாட்டு, பூசை முடிந்து படிக்கிற கல்யாண அறிவிப்பு வரைக்கும் ஒரு எழுத்து விடமாட்டேன். ஆயர் வந்திருந்தபோது மைக்கில் என்னைப் பாராட்டினார். காலைக் கட்சிக்கு இப்படி ஒன்று உண்டா? கிடையாது. எனக்கு அதில் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்?

இப்படி இருக்கையில் உதவிச் சாமியாரை மாற்றிவிட்டார்கள். பங்குச் சாமியார் தனியாளானார். இரத்த அழுத்தக்காரர், நல்ல மனிதர். ஒரு ஞாயிறு இரண்டு பூசையிலும் ஒரே அறிவிப்பு செய்தார். இன்னும் ஒரு மாதம்தான் இரண்டையும் இழுப்பார், அதற்குமேல் தன்னால் ஒரு பூசைதான் முடியும், அது மாலைப் பூசை. காலைப் பூசைக்கு, குருக்கள் முதியோர் இல்லத்திலிருந்து ஓய்வுபெற்ற சாமியார் ஒருவர் வரத் தயார். "ஆனா ஒண்ணு. இந்தக் கோவில் ரெண்டா உடையறதுக்கு நானே ஆள் கூட்டிட்டு வரணுமா? நீங்களே சொல்லுங்க. காலைப் பூசை இருக்கணுமா, வேண்டாமா? அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஹாலுக்கு வாங்க. கைதூக்கி முடிவு பண்ணிடுவோம்" என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். எங்கள் கிட்டார்காரர் வீட்டில் கூடிப் பேசினோம். அவர் ஸ்கூலில் கணக்கு வாத்தியார், விரலும் கணக்காகத்தான் போகும். "அக்கா, லத்தீன் வேண்டாம்னு சொன்னா பழசை மதிக்காதவங்கன்னு நம்மளைச் சொல்லுவாங்க. வேற காரணம் வேணும்" என்றார்.

"காரணமா? என் பொண்ணு இருக்கா" என்றேன்.

அன்று முதல் வீடு வீடாகப் போனேன். காப்பி கொடுத்த வீட்டிலும் சொன்னேன், கொடுக்காத வீட்டிலும் சொன்னேன். "சாமியார் சுவரைப் பார்த்துட்டு நின்னா என் பொண்ணுக்கு என்ன தெரியும்? முகமும் தெரியாது, உதடும் தெரியாது. முதுகைப் பார்த்து அவ என்ன புரிஞ்சுக்குவா? இப்படி ஒரு புள்ளைய வெளிய நிறுத்துற பூசை நமக்கு எதுக்கு?" கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். காலைக் கட்சியிலேயே இரண்டு மூன்று குடும்பம் ஆடிப்போயிற்று. ஜெயித்துவிட்டோம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு நாள் எங்கள் கோவிலைச் சேர்ந்த சலூன்காரருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் காலைக் கட்சி. கத்தரி பிடிக்கிற கை, ஸ்டியரிங்கையும் இரண்டு விரலால்தான் பிடிப்பார். பின்னால் பார்த்து ஓட்டுங்க என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போது, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "உங்க பொண்ணுக்கு முக்காடு அம்சமா இருக்குக்கா" என்றார்.

"எந்தப் பொண்ணுக்கு? என்ன முக்காடு?"

"காலைப் பூசைக்கு வர்றப்போ போடறாளே, வெள்ளை முக்காடு. கொஞ்ச நாளாவே வர்றாளே. உங்களுக்குத் தெரியாதா?"

என் கால் தானாகப் போய்ப் பிரேக்கில் விழுந்தது. சலூன்காரரின் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. லேபில் அவசர வேலை, ஞாயிறு காலை வரச்சொல்கிறார்கள் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் நம்பி விடியற்காலையில் எழுந்து சாப்பாடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கும் எனக்கு?

சலூன்காரரை நடுத்தெருவில் இறக்கிவிட்டு நேராக அண்ணன் கடைக்குப் போனேன். அவன் ஒரு பெரியவரை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்துக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். "இப்ப தெரியுதா? இப்ப?"

"எனக்கு நல்லா தெரியுது. என் பொண்ணை எனக்குத் தெரியாம இழுத்துட்டுப் போயிருக்க" என்றேன்.

பெரியவர் பாதிக் கண்ணாடியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "யாரும் இழுக்கல. அவளா வந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கதவுக்கிட்ட வந்து நின்னா. உள்ள வான்னேன். தாய்மாமன் வான்னு சொல்லக்கூடாதா?"

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லாதீங்க மாமான்னு சைகை காட்டினா. அந்த ஒரு சைகை எனக்கும் புரியும். எங்க ஆளுங்க வாயையும் கட்டிவெச்சிருந்தேன், எவனோ அவுத்துட்டான்." அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "வீடு வீடா போய் முதுகு முதுகுன்னு அழுதியாமே. அந்த முதுகைத் தேடித்தான் உன் பொண்ணு வர்றா. இதைக் கூட்டத்துல நான் சொல்லாம விடமாட்டேன்."

என் துருப்புச் சீட்டை அவன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.   பெரியவர் நடுவில் புகுந்து, "தம்பி, மூணாவது வரி இப்ப தெரியுது" என்றார்.

வீட்டில் அன்று சமையலறையில் சண்டை. எங்கள் வீட்டுச் சண்டையில் சத்தமே இருக்காது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் எவ்வளவு பெரிய சண்டையும் போடலாம், அது ஒரு வசதி. கைதான் வலிக்கும். "பொய் சொன்னியா என்கிட்ட?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அப்படியே என் பிடிவாதம்.

"அங்க அப்படி என்ன இருக்கு? என்னத்தைப் பார்க்கப் போற?"

"கூட்டத்துல சொல்றேன்" என்றாள் கையால்.

"என்கிட்ட சொல்லு. நான்தானே பெத்தவ?"

"உன்கிட்ட சொன்னா நீ உடனே பதில் சொல்லுவ. கூட்டத்துல நான் சொல்றதை நீதான் எல்லாருக்கும் வாயால சொல்லணும். அப்ப பதில் சொல்ல முடியாது."

நான் பதில் சொல்ல இரண்டு கையையும் தூக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காது கேட்காதவள் கண்ணை மூடிக்கொண்டால் நீ யாரிடம் பேசுவாய்? கோபத்தில் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். இருட்டில் நின்று கொஞ்ச நேரம் அவளும் பாத்திரத்தை உருட்டினாள். அது எனக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கூட்டத்து அன்று ஹாலில் நிற்க இடமில்லை. நடுவில் பாதை விட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே இடப்பக்கம் காலைக் கட்சி, வலப்பக்கம் மாலைக் கட்சி என்று பிரிந்து உட்கார்ந்துவிட்டோம். என் மகள் நடுப்பாதையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லேபிலிருந்து நேராக வந்திருந்தாள், விரல் நகத்தில் வெள்ளைப் பொடி.

சாமியார் செபம் சொல்லித் தொடங்கிவைத்தார். கிட்டார்காரர் பேசினார். அண்ணன் எழுந்து, "என் தங்கச்சி பொண்ணு காலைப் பூசைக்கு வர்றா. ஆண்டவர் சந்நிதியில வாயில்லாப் பூச்சியாட்டம் என்ன அடக்கமா முட்டிபோடறா தெரியுமா? அதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று தொடங்கினான். என் மகள் எழுந்து கையைத் தூக்கினாள். தானே பேச வேண்டும் என்று சைகை காட்டினாள்.

அண்ணன் சட்டென்று திரும்பினான். "ஃபாதர், பேசட்டும். ஆனா இவ அம்மா வேண்டாம். இவ மாத்திச் சொல்லிடுவா. காது கேளாதோர் ஸ்கூல்லேர்ந்து ஒரு டீச்சரைக் கூப்பிடுங்க."

"யாரைப் பார்த்து மாத்திச் சொல்லுவேன்னு சொல்ற?" நான் எழுந்துவிட்டேன். ஹாலே எழுந்துவிடும்போல இருந்தது. சாமியார் மார்பைப் பிடித்துக்கொண்டு, தேவையென்றால் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்து வேறு ஆளை வரச்சொல்லலாம் என்றார். அதை நானே என் மகளுக்குச் சைகையில் சொன்னேன். அவள் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னை நோக்கி விரலை நீட்டினாள். அம்மாதான் என்றாள்.

சைகையைக் குரலாக்குகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் நான் என்றால் நீயும் நான் என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, முகத்தில்கூட உன் கருத்தைக் காட்டக்கூடாது. சான்றிதழ் வாங்கிய அன்று அதற்காகக் கையை உயர்த்தி உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். அவளுக்கு எதிரே போய் நின்றேன். அவள் கை அசைந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். பேசுறது நான். சத்தம் எங்க அம்மாவோடது. கொஞ்சம் அதிகமா இருக்கும்னு கேள்விப்பட்டேன்."

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நான் சிரிக்கக்கூடாது. சிரிக்கவில்லை.

"எங்க அம்மா உங்க எல்லார் வீட்டுக்கும் வந்து, முதுகைப் பார்த்து என் பொண்ணுக்கு என்ன புரியும்னு கேட்டாங்களாம். என்கிட்ட மட்டும் கேக்கல. மாமாவும் கேக்கல. அதனால நானே சொல்றேன்.

"சின்னப் புள்ளையிலேர்ந்து சாயங்காலப் பூசைக்கு வர்றேன். அம்மா தூணுக்கு முன்னால நின்னு எல்லாத்தையும் சொல்லுவாங்க. ஒண்ணு விடமாட்டாங்க. நான் அவங்க கையையே பார்த்துட்டு இருக்கணும். கண்ணை அந்தப் பக்கம் எடுத்தா காலால தரையைத் தட்டுவாங்க. தட்டினா எனக்குத் தெரியும். திரும்பிடுவேன்."

எங்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்றார்கள். என் மகள் சிரிக்கவில்லை. அவள் கை மெதுவானது.

"எழுந்தேற்றத்தப்போ சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுவார். அந்த நேரத்துல நம்ம குழு மெதுவா ஒரு பாட்டுப் பாடும். அம்மா அந்தப் பாட்டையும் எனக்குச் சொல்லுவாங்க. நீங்க எல்லாரும் அப்பத்தைப் பார்ப்பீங்க. நான் அம்மாவைப் பார்ப்பேன். இத்தனை வருஷத்துல சாயங்காலப் பூசையில..."

குரல் நின்றுவிட்டது. அவள் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது, வாய்க்கு மட்டும் வரமாட்டேன் என்றது. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதே வாக்கியத்தை முதலிலிருந்து இன்னொரு முறை, நிதானமாக, கையால் சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல சாயங்காலப் பூசையில, ஆண்டவரைத் தூக்கிக் காட்டறதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல" என்றேன்.

 தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. தூண், விளக்கு, ஆயரின் பாராட்டு எல்லாம் எதற்கு? நானல்லவா என் பிள்ளைக்கு எதிரே மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! ஆனால் அவள் கை நிற்கவில்லை. அவள் கை நிற்காதபோது என் வாயும் நிற்கக்கூடாது.

"ஒரு நாள் சும்மா காலைப் பூசையை எட்டிப் பார்த்தேன். அங்க யாருக்கும் எதுவும் கேக்கல. சாமியார் பீடத்துக்கிட்ட முணுமுணுக்கறார். பக்கத்துல இருந்தவரைப் பார்த்தேன், அவருக்கும் கேக்கல. கேட்டாலும் லத்தீன் தெரியாது. மாமாவுக்கே பாதிதான் புரியும்னு நினைக்கறேன். எல்லாரும் சும்மா பார்த்துட்டு இருக்காங்க. அங்க எல்லாரும் என்னை மாதிரிதான். மணி அடிச்சாங்க போல, எல்லாரும் தலைகுனிஞ்சாங்க. அவர் தலைக்கு மேல தூக்கினார். முதுகுதான் தெரிஞ்சுது, அதுக்கு மேல அப்பம் தெரிஞ்சுது. யாரும் எனக்கு விளக்கல. நான் பார்த்தேன். அழுதுட்டேன்."

இடப்பக்கம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். என் மகள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ரொம்ப நிமிராதீங்க. உங்க ஆளுங்க என்னை அடக்கமான பொண்ணுன்னு சொல்றாங்க. வாயில்லாப் பூச்சின்னும் சொன்னீங்க, உதட்டைப் பார்த்தேன். நான் அடக்கம் இல்ல, எங்க அம்மா பொண்ணு. சாயங்காலப் பூசையைக் கூத்துன்னு சொல்றீங்க, அதையும் பார்த்திருக்கேன். டிரம்ஸ் அடிச்சா என் பாதத்துல கேக்கும். எங்க அம்மா கையால பாடறதை நீங்க ஒரு நாளும் பார்த்ததில்ல. பார்த்திருந்தா அப்படிச் சொல்லமாட்டீங்க. அதை நான் விடமாட்டேன். ரெண்டு பூசைக்கும் வருவேன். காலைப் பூசையை எடுத்துடாதீங்க. எனக்கு வேணும்."

அவ்வளவுதான் என்று நினைத்து வாயை மூடினேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. வேற ஆளைக் கூப்பிடலாம்னு சொன்னீங்க. மாமா கூப்பிடச் சொன்ன ஆள் வந்து சொல்லியிருந்தா, இந்தப் பக்கம் நம்பியிருக்க மாட்டாங்க, சேர்த்துச் சொல்றாங்கன்னு சொல்லுவாங்க. எங்க அம்மாவுக்குக் காலைப் பூசை பிடிக்கவே பிடிக்காது. அதனாலதான் அவங்களையே சொல்லச் சொன்னேன். அவங்க என்னைத் திட்டுவாங்க. தரையைத் தட்டுவாங்க. என் பேச்சை மட்டும் மாத்தமாட்டாங்க. இப்ப அவங்க என்ன சொல்லிட்டு இருக்காங்கன்னு எனக்குக் கேக்கல. கேக்கணும்னு அவசியமும் இல்ல."

சொல்லி முடித்தேன். ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். அவள் உட்கார்ந்து, நகத்திலிருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்ட ஆரம்பித்தாள். கடையில் காய் வாங்கிவிட்டு வந்தவள்போல அவ்வளவு சாதாரணமாக இருந்தாள்.

என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு! இரண்டு கட்சியையும் நடுவில் நிறுத்தி, மாமனை அவன் வாயாலும் அம்மாவை அவள் வாயாலும் மடக்கிவிட்டாள். சண்டைக்காரியான என்னையே தனக்குச் சாட்சியாக நிறுத்திவிட்டாள். அவமானத்தில் காது சுட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டும் ஒன்றாக வருமா என்றால் வரும். எனக்கு வந்தது. ஊரே கேட்கிறபடி, இவள் நான் பெற்றவள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அவளுக்குக் கேட்காது என்பதால் மட்டும் அடக்கிக்கொண்டேன்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "காலைப் பூசை இருக்கணும்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார். அதையும் நான் சைகையில் சொன்னேன். இடப்பக்கம் மொத்தமும் தூக்கியது. வலப்பக்கத்தில் முதலில் யாரும் அசையவில்லை. பிறகு எங்கள் டிரம்ஸ்காரப் பையனின் அம்மா தூக்கினார். அதற்குப் பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கை எழுந்தது. எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

சாமியார் என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க? பேச்சைச் சொன்னதோட சரியா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தூக்கினேன். "லத்தீனுக்காக இல்ல ஃபாதர். அது எனக்கு இன்னைக்கும் பிடிக்கல, நாளைக்கும் பிடிக்காது. அவளுக்கு வேணுமாம், அதுக்குத்தான்" என்றேன். அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாத" என்றேன். 

கூட்டம் கலைந்தது. என் மகளைச் சுற்றி ஆட்கள். பாதிப்பேர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் அவளுக்கு முன்னால் போய், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில் எதையோ சொன்னான். அவள் அவன் விரலைப் பிடித்து ஒழுங்காகத் திருத்தி வைத்தாள். அவன் மறுபடியும் காட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

கிட்டார்காரர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே என்னிடம் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "என்னக்கா, நம்ம கட்சியை நீங்களே கவுத்துட்டீங்களே! ரெண்டு வார்த்தையை அப்படி இப்படிச் சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"நானா கவுத்தேன்? என் பொண்ணு கவுத்தா. என்னமா பேசினா, பார்த்தீங்கல்ல?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள், அதையே கேட்பதற்கு அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.